கூட்டம் இல்லாத கப்பல்

1)
போன வாரம் ஒரு சாயங்காலம். கிளினிக்கில் கடைசி டோக்கன். உள்ளே வந்தது எங்க ஊர் ஓய்வுபெற்ற வாத்தியாரும் அவர் மனைவியும். சாருக்கு எழுபது வயசு. பங்குனியில் திருக்கடையூரில் பீமரத சாந்தி முடிந்த கையோடு வந்திருந்தார்கள்.

"தம்பி, ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் ஒண்ணு வேணும்."

"எதுக்கு சார்?"

"கப்பல்ல போறோம்!"

2)
மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கிருந்து கிளம்பி மலேசியா, தாய்லாந்து பக்கம் நாலு நாள் சுற்றிவிட்டுத் திரும்பும் பெரிய கப்பல். நாலாயிரம் பேர் போவார்களாம். குடும்பத்தில் மட்டும் பதினாறு பேர். சார் போனில் வீடியோ காட்டினார். தண்ணீர்ச் சறுக்கு, தியேட்டர், பன்னிரண்டு மாடி, லிஃப்ட்.

பி.பி. பார்த்தேன், சுகர் ரிப்போர்ட் பார்த்தேன், எழுதிக் கொடுத்தேன். அம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்திருக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"ஏன் தம்பி, கூட்டம் இல்லாத கப்பலே கிடையாதா?"

3)
இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், ஆறு வருஷம் முன்னாடி என் வீட்டில் கேட்டிருக்கிறேன். கேட்டது என் மனைவி.

அதைப் பற்றித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் கப்பல் பயணம் போக நினைப்பவர்களுக்கு ஒரு மருத்துவராகச் சில குறிப்புகளும் உண்டு.

வாத்தியார் குடும்பத்திடம் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். என் மனைவியிடம் முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். ஒரு இடத்தில் திருத்தம் சொன்னாள். அது எந்த இடம் என்று கடைசியில் சொல்கிறேன்.

4)
2018 ஆகஸ்ட். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை அவளே கண்டுபிடித்தாள். நான் கிளினிக் முடித்து மேலே வரும்வரை காத்திருந்து, சாப்பாடு போட்டுவிட்டு, அப்புறம் சொன்னாள்.

மார்பகப் புற்றுநோய். இடது மார்பையும் அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். அப்புறம் கீமோ. அப்புறம் கதிர்வீச்சு.

மார்பில் கட்டி இருக்கா என்று நீங்களே தடவிப் பாருங்கள் என நூற்றுக்கணக்கான பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இதை எழுதும்போதும் உறுத்துகிறது.

5)
கஜா புயல் ஞாபகம் இருக்கிறதா? 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. குடவாசலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த தென்னை சாய்ந்தது. கரண்ட் போனது. அவளுக்கு இரண்டாவது கீமோ போட்டு ஏழெட்டு நாள் ஆகியிருந்தது. ரத்த வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய அடிமட்டத்துக்கு இறங்குகிற சமயம் அது. காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ரோட்டிலோ மரங்கள்.

ராத்திரி முழுக்க டார்ச் லைட்டும் தெர்மாமீட்டருமாக அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு ஒரு தடவை பார்ப்பேன், நோட்டில் குறிப்பேன். காய்ச்சல் வரவில்லை.

நல்ல கணவனாக இருந்தேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

6)
2019 மே மாதம் கதிர்வீச்சு முடிந்தது. "எல்லாம் முடிஞ்சிருச்சு, சந்தோஷமா இருங்க" என்றார்கள்.

எங்க பக்கம் உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் உறவு விட்டுப்போகாது. ஹார்லிக்ஸ், ஆப்பிள், விபூதிப் பிரசாதம். எல்லாம் அன்புதான். ஆனால் வருகிறவர்கள் கண் முதலில் தலைக்குப் போகும், அப்புறம் மாராப்புக்குப் போகும், அப்புறம் சட்டென்று ஜன்னலுக்குப் போகும். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, "எப்படி இருக்கே?" என்பார்கள். அவள் போவதையே நிறுத்திவிட்டாள்.

7)
வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டது என்ன தெரியுமா? "மாத்திரை போட்டியா?" "போட்டேன்." "கை வீக்கம் எப்படி?" "அப்படியேதான்." இவ்வளவுதான்.

தொற்று பயத்தில் கீமோ நாட்களில் தனி அறையில் படுக்க ஆரம்பித்தேன். நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவன், நியாயம்தான். கீமோ முடிந்து மாதங்கள் ஆகியும் என் தலையணை அந்த அறையிலேயே இருந்தது. எடுத்து வா என்று அவளும் சொல்லவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. அவளுக்குப் பிடிக்காதோ என்று நான் நினைத்தேன். எனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். இதை எனக்குத் தெரிய வைத்தது அந்தக் கப்பல் பயணம்தான்.

8)
2019 தீபாவளி சமயம். எங்க எம்.பி.பி.எஸ். பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு திட்டம் போட்டார்கள். அடுத்த மார்ச்சில் எல்லாரும் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பல். எனக்கு ஒரே குஷி. அவளுக்கும் ஒரு மாறுதலாக இருக்கும், கூடவே நாற்பது டாக்டர் வேறு, எது வந்தாலும் பார்த்துக்கலாம்!

அவள் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"நாலாயிரம் பேரு. அதுல நாப்பது பேரு டாக்டரு. ஒருத்தரும் என்னைப் பாக்க மாட்டாங்க. என் ரிப்போர்ட்டைத்தான் பாப்பாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "கப்பல்னா எனக்கும் ஆசைதாங்க. கூட்டம் இல்லாத கப்பலே கிடையாதா?"

9)
கப்பல் ஆசை அவளுக்கு எங்கிருந்து வந்தது? டெல்டாக்காரர்களுக்கு இது புரியும்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போன காலம் உண்டு. 'ரஜூலா' என்று இங்கே பெரியவர்கள் வாயில் இன்னும் பெயர் இருக்கிறது. 1926-ல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் ஆரம்பம் வரை ஓடியது. அதற்குப் பின்னால் 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தப் பயணிகள் கப்பலின் காலமும் முடிந்தது.

அவள் தாத்தா ரஜூலாவில் போனவர். டெக் பயணி. பாயும் டிரங்குப் பெட்டியும் குடிதண்ணீர்க் கூஜாவும்தான் சாமான். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது. தூரத்தில் நிற்கும். படகில் போய் ஏறணும். பாட்டி கரையில் நின்று, அந்தப் படகு கண்ணுக்கு மறையும்வரை பார்த்ததைச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். கப்பல் என்றால் எங்க ஊரில் உல்லாசம் இல்லை. பிரிவு.

"பாட்டி ஏறவே இல்ல. நான் ஒரு தடவை ஏறிப் பாக்கணும்" என்றாள்.

10)
சரி, தேட ஆரம்பித்தேன். டாக்டர் புத்தி முதலில் எங்கே போகும்? கடல் மயக்கத்துக்கு.

கப்பல் ஆடும்போது நம் உள்காது 'ஆடுகிறோம்' என்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ 'சுவர் அசையவில்லையே' என்கிறது. இந்த முரண்பாட்டில் மூளை குழம்பி, குமட்டலில் கொண்டுபோய் விடுகிறது. வேகமான குலுக்கலைவிட, ஐந்தாறு நொடிக்கு ஒரு தடவை வரும் மெதுவான ஆட்டம்தான் ரொம்பப் படுத்தும். கடல் அலை தருவது அந்த மாதிரி ஆட்டத்தைத்தான்.

பெரிய கப்பலின் நீளத்துக்கு ஒரே நேரத்தில் பல அலைகள் அடங்கிவிடும். ஆட்டம் குறைவு. சின்னக் கப்பல் அலையோடு ஏறி இறங்கும். அதனால் 'சின்னது' என்றாலே ஆட்டம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது சின்னக் கப்பலுக்குக் கொடுக்கும் முதல் விலை.

11)
இரண்டாவது விலை இன்னும் பெரியது. டாக்டர்.

கடல்சார் தொழிலாளர்களுக்கான 2006 சர்வதேச ஒப்பந்தப்படி, 100 பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு, வழக்கமாக மூன்று நாளுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணம் போகும் கப்பலில் தகுதியுள்ள மருத்துவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அதற்குக் கீழே கட்டாயம் இல்லை. முதலுதவி படித்த ஊழியர் இருந்தால் போதும்.

அதாவது, ரொம்ப அந்தரங்கமாக, ஐம்பது அறுபது பேரோடு போகும் அழகான சின்னக் கப்பலில் நெஞ்சுவலி வந்தால், பார்க்க டாக்டரே இல்லாமல் போகலாம். பெரிய கப்பலில் இ.சி.ஜி., எக்ஸ்ரே, வென்டிலேட்டர் வரைக்கும் வைத்திருப்பார்கள்.

12)
அப்போ சின்னக் கப்பலில் கிடைப்பது என்ன?

இன்றைக்கு உலகத்தின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல்களில் ஒன்றான 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2024 ஜனவரியில் ஓட ஆரம்பித்தது. அதிகபட்சம் 7,600 பயணிகள், 2,300-க்கு மேல் ஊழியர்கள். அங்கே கடலைத் தேடித்தான் போய்ப் பார்க்கணும். மற்ற நேரமெல்லாம் கடைத்தெரு, சாப்பாட்டு வரிசை, பாட்டுச் சத்தம். குழந்தைகளோடு போனால் கொண்டாட்டம்தான். அதைக் குறை சொல்லவே மாட்டேன். சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் சொகுசுக் கப்பல் கிளம்ப ஆரம்பித்தபோது என் நோயாளிகளில் சிலர் போய்வந்து பத்து நாள் அதையே பேசினார்கள்.

சின்னக் கப்பலில் கடல் பக்கத்திலேயே இருக்கும். இறங்க வரிசை இல்லை. பெரிய கப்பல் நுழைய முடியாத தீவுக்குப் போகும். ராத்திரி டெக்கில் விளக்கு குறைவு. பேசினால் பேச்சு கேட்கும்.

13)
வெளிநாட்டு ஆடம்பரச் சின்னக் கப்பல்களின் கட்டணத்தைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன். அப்போதுதான் லட்சத்தீவு ஞாபகம் வந்தது.

கொச்சியிலிருந்து லட்சத்தீவு நிர்வாகத்தின் கப்பல். 'எம்.வி. கவரத்தி'. 700 பேர் போகலாம். உல்லாசக் கப்பல் இல்லை, தீவுக்காரர்களின் பஸ் மாதிரி. அதிலேயே 'சமுத்திரம்' என்று ஐந்து நாள் சுற்றுலாவும் உண்டு. ராத்திரி கப்பலிலேயே படுக்கை. பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று ஒவ்வொரு தீவிலும் இறங்கி, சாயங்காலம் திரும்பி ஏறணும். நுழைவு அனுமதி முன்கூட்டியே வாங்கணும்.

700 என்றால் சின்னதா என்று கேட்பீர்கள். நாலாயிரத்தோடு ஒப்பிட்டால் சின்னது. ஆனால் அவளுக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை இல்லை. "அத்தனை பேரும் அவங்க வேலையா வீட்டுக்குப் போறவங்க. நம்மளை யாரும் வேடிக்கை பாக்க மாட்டாங்க" என்றாள்.

கப்பலில் டாக்டர் உண்டா என்று விசாரித்தேன். உண்டு என்றார்கள். பணம் கட்டினேன்.

14)
2020 ஜனவரி. பொங்கல் முடிந்து சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. திருவாரூரில் எர்ணாகுளம் ரயில் ஏறினோம். கிளினிக்கை ஒரு வாரம் மூடுவது அதுதான் முதல் தடவை.

கொச்சி வில்லிங்டன் தீவுத் துறையில் கப்பல் ஏறினோம். பக்கெட், ஃபேன், மூட்டை, கைக்குழந்தை என்று தீவுக்காரர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு ஊர் திரும்பும் ஒரு பாட்டி இவள் பக்கத்தில் உட்கார்ந்து மலையாளத்தில் பேச ஆரம்பித்தார். பிள்ளைகள் எத்தனை, மீன் சாப்பிடுவியா, இதுதான் கேள்வி. இவள் தலைமுடி அப்போது கிராப் அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. பாட்டி அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

விசேஷங்களுக்கு மாட்டிக்கொள்ளும் சவுரி முடியைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். அந்த ஐந்து நாளும் அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

15)
இனி என் மானம் போன கதை.

என் பையில் என்னென்ன இருந்தது தெரியுமா? ஆன்டிபயாடிக், ஓ.ஆர்.எஸ்., பி.பி. மெஷின், ஊசி, சலைன்கூட ஒரு பாட்டில். கடல் மயக்கத்துக்கு மாத்திரையும் இருந்தது. அவளுக்குக் கப்பல் கிளம்பும் முன்னாலேயே கொடுத்துவிட்டேன். நான் போடவில்லை. எனக்கெதுக்கு?

கப்பல் கிளம்பி மூன்றாவது மணி நேரம். கடல் ஒன்றும் கொந்தளிக்கவில்லை. பக்கத்து கேபினில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது, கொட்டாவி கொட்டாவியாக வந்தது, வேர்த்தது. அப்புறம் ஆரம்பித்தது. ஆறு தடவை. அதன்பின் எண்ணவில்லை.

16)
மாத்திரை போட்டேன், அதுவும் வெளியே வந்தது. இந்த மாத்திரைகளை மயக்கம் வரும் முன்னால் போடணும், வந்தபின் போட்டால் பெரும்பாலும் பிரயோஜனம் இல்லை. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல் மாதிரி இருந்தாள். பக்கெட் பிடித்தாள், முகம் துடைத்தாள், தலையைத் தாங்கிக்கொண்டாள். நடுராத்திரிக்குமேல், "உள்ளயே கிடந்தா இன்னும் வரும், மேல வாங்க" என்று கைத்தாங்கலாக டெக்குக்குக் கூட்டிப்போனாள். சரியான வைத்தியம். திறந்த காற்று, தூரத்து அடிவானம், கப்பலின் நடுப்பகுதி. பாடம் படித்தவன் நான், செய்தது அவள்.

ஒன்றரை வருஷமாக அவளை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி அவள் என்னைக் கவனித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

17)
டெக்கில் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பேசத் தெம்பில்லை. அதனால்தானோ என்னவோ அவள் பேசினாள்.

"கஜா அன்னிக்கு ராத்திரி முழுக்க என் பக்கத்துலயேதான் இருந்தீங்க."

"ம்."

"கையப் பிடிக்கலங்க. நாடியப் பிடிச்சீங்க."

நான் பதில் சொல்லவில்லை.

"எனக்கு அன்னிக்குப் பயமா இருந்துச்சு. செத்துருவேனோன்னு. அதைச் சொன்னா நீங்க நோட்டுல எழுதிக்குவீங்கன்னு சொல்லல."

அப்புறம் அந்தத் தலையணை விஷயமும் பேசினோம். அதை இங்கே எழுத வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறோம். "இந்த அஞ்சு நாளும் டாக்டரா இருக்காதீங்க" என்பதுதான் அவள் போட்ட ஒரே கண்டிஷன். வாந்தி எடுத்துக் கிடப்பவன் என்ன மறுப்பு சொல்ல முடியும்?

18)
கல்பேனியில் கப்பல் தள்ளி நின்றது. சின்னப் படகில் இறங்கணும். அலைக்குப் படகு ஏறும், இறங்கும். அது மேலே வரும் நொடியில் காலை வைக்கணும். படகுக்காரர்கள் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார்கள்.

அக்குள் கணுக்கள் எடுத்த கையில் அப்படிச் சுண்டி இழுத்தால் வீக்கம் கூடலாம். எனக்கு அதே நினைப்பு. படகுக்காரரிடம் விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையை நீட்டி, "இந்தக் கை!" என்றாள். படகு மேலே வந்தது. ஏறிவிட்டாள்.

படகு நகர்ந்தபோது கப்பலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தாத்தா இப்படித்தான் ஏறியிருப்பாருல்ல. நாம இறங்குறோம், அவரு ஏறுனாரு" என்றாள்.

19)
கல்பேனிக் கடற்கழி ஆழமில்லாத பச்சைத் தண்ணீர். அலையே இல்லை. சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். துணி வைத்துத் தானே தைத்து உள்ளே வைத்துக்கொள்ளும் ஒன்று அவளிடம் உண்டு. தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டது. கரைக்கு வந்து, துண்டுக்குள் எடுத்துப் பிழிந்து, பைக்குள் போட்டுவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போனாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

மினிக்காயில் 1885-ல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஏகப்பட்ட படி. பாதியில் நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் உச்சி வரை போய்வந்து, "நல்லவேளை ஏறுனேன்" என்று மட்டும் சொன்னாள்.

20)
ஜனவரி கடைசியில் ஊர் திரும்பினோம். இறங்கிய பின்னும் இரண்டு நாள் தரை ஆடுகிற மாதிரியே இருந்தது. அது சகஜம், தானாகச் சரியாகிவிடும்.

ஜனவரி 30. இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி என்று செய்தி. திருச்சூர். நாங்கள் போன ரயில் பாதை! பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலை நிறுத்தி வைத்தார்கள். உள்ளே 3,711 பேர். 712 பேருக்குத் தொற்று. தினமும் அந்த எண்ணிக்கை ஏறுவதை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்க பேட்ச் மார்ச் பயணம் ரத்தானது. "நல்லவேளை சின்னக் கப்பல்ல போனீங்க" என்று நண்பர்கள் சொன்னார்கள்.

21)
அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

அதே மார்ச்சில் தென் அமெரிக்க முனையிலிருந்து அண்டார்டிகா பக்கம் கிளம்பிய 'கிரெக் மார்ட்டிமர்' என்ற சின்னக் கப்பல். ஊழியர்களையும் சேர்த்து 217 பேர்தான். எல்லாருக்கும் பரிசோதனை செய்தபோது 128 பேருக்குத் தொற்று. பாதிக்கும் மேல்! அதில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே இல்லை.

கிருமிக்குக் கப்பலின் அளவு தெரியாது. ஒரே காற்று, ஒரே சாப்பாட்டு மேசை என்றால் சின்னதிலும் பரவும். சின்னக் கப்பல் பாதுகாப்பானது என்று நான் சொல்லவே இல்லை. கீமோ முடிந்த மனைவியோடு அந்த மாதம் கூட்டத்தில் ரயில் ஏறியதே எங்கள் அதிர்ஷ்டத்தில் போன விஷயம். எங்களுக்குத் தேவைப்பட்டது பாதுகாப்பு இல்லை. அது ஒன்றரை வருஷமாக வீட்டில் நிறையவே இருந்தது.

22)
சரி, கப்பல் பயணம் போகிறவர்களுக்குக் குறிப்புகள்.

- கப்பலில் டாக்டர் இருக்கிறாரா, அவசரம் என்றால் எத்தனை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி சேர முடியும்? புக் செய்யும் முன் கேளுங்கள். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள் டாக்டர் இல்லாத சின்னக் கப்பலைத் தவிர்த்துவிடுங்கள்.

- கரைக்குப் படகு மாறி ஏறணுமா? முழங்கால் வலி, தோள் வலி, தலைசுற்றல் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்கணும்.

- கேபின் நடுவில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

- கடல் மயக்க மாத்திரையைக் கிளம்பும் முன் போடுங்கள். ஆனால் புரோஸ்டேட் வீக்கம், சிலவகைக் கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கு இந்த மாத்திரைகளில் சில ஆகாது. சிறுநீர் அடைத்துக்கொள்ளும். உங்கள் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

23)
- தினசரி மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். திரும்பும் நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

- கப்பலில் வாந்தி பேதி பரப்பும் நோரோ வைரஸுக்கு சானிடைசர் போதாது. சோப்பு போட்டுத் தண்ணீரில் கை கழுவுங்கள்.

- வெளிநாட்டுப் பயணம் என்றால் காப்பீட்டில் 'கடலிலிருந்து அவசரமாகக் கரை சேர்க்கும் செலவு' அடக்கமா என்று பாருங்கள்.

- மழைக்காலத்தில் போகாதீர்கள். அரபிக்கடலுக்குத் தென்மேற்குப் பருவம் ஆகாது. நம் வங்கக் கடலுக்கு வடகிழக்குப் பருவம் ஆகாது.

- ஐந்து நாள் கடலுக்கு முன்னால் ஒரு அரை நாள் கடலில் உங்களைச் சோதித்துப் பாருங்கள்.

24)
இந்தக் கடைசிக் குறிப்பைத்தான் வாத்தியார் வீட்டு அம்மாவிடம் சொன்னேன். ஊருக்குப் பக்கத்திலேயே கப்பல் இருக்கிறதே! நாகப்பட்டினத்திலிருந்து இலங்கை காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ல் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி வந்தது. சுமார் 150 பேர் போகலாம். 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். பருவமழை நேரத்தில் நிறுத்துவார்கள். விசாரித்துக்கொண்டு, பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போகணும்.

"நாகப்பட்டினமா? நம்ம நாகப்பட்டினமா?" என்றார் அம்மா.

சார் பதறினார். "பையன் ஆசையா டிக்கெட் போட்டிருக்கான் தம்பி. வேணாம்னா வருத்தப்படுவான்."

"அதுக்கும் போங்க சார். பேரன் பேத்தியோட அந்தச் சறுக்குல ஏறுங்க. புரோஸ்டேட் இருக்கு, நான் சொல்ற மாத்திரை மட்டும் போடுங்க. இது வேற."

25)
அம்மா கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "அதுக்கும் ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் வேணுமா தம்பி?"

"வேணாம்மா."

நேற்று சார் போன் செய்தார். யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயில் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் திரும்புவதாகத் திட்டமாம். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூட வருகிறோம் என்றார்களாம். "இவ முடியாதுன்னுட்டா தம்பி. ரெண்டே டிக்கெட்டு போதும்ங்கறா" என்றார். குறை சொல்கிறாரா பெருமைப்படுகிறாரா என்று குரலில் தெரியவில்லை.

26)
என் மனைவி நன்றாக இருக்கிறாள். வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போய்வருகிறோம். இந்த வருஷ ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்தது. அதை வாங்கப் போனபோது கையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

முதலில் சொன்ன திருத்தம்: என் முதல் வரைவில், "லேசாகத் தலைசுற்றல் வந்தது" என்று எழுதியிருந்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பக்கெட்டப் பிடிச்சது நானு. ஆறு தடவன்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

பெண்கள் மாதம் ஒரு முறை மார்பைச் சுயபரிசோதனை செய்யுங்கள். வித்தியாசமாக எதுவும் பட்டால், வீட்டுக்காரர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.